உச்சி வெயிலும் ஒரு கூரையும்

ஏப்ரல் 10ஆம் தேதியை ஒட்டி ஒரு நாள் நண்பகலில் கன்னியாகுமரிக்கு நேர் மேலே சூரியன் வந்து நிற்கிறது. பிறகு நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, மதுரையையும் திருச்சியையும் கடந்து, 24ஆம் தேதிவாக்கில் சென்னையின் உச்சியை அடைகிறது. நட்டுவைத்த கம்பத்துக்கு அந்த நேரத்தில் நிழல் விழாது. ஆகஸ்ட் பிற்பாதியில் தெற்கே திரும்பும்போது மறுபடியும் இதே கதைதான். பள்ளிகளில் 'நிழல் இல்லா நாள்' என்று சொல்லிக் குழந்தைகளுக்கு இதைச் செய்து காட்டுகிறார்கள். வீடு கட்டுபவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அதைத்தான் நாம் ஐம்பது அறுபது வருடங்களாகக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம்.

கோடையில் நம் ஊரில் ஒரு வீட்டின் தெற்குச் சுவரில் நேர் வெயில் அதிகம் படுவதில்லை. கிழக்குச் சுவருக்கு முற்பகல், மேற்குச் சுவருக்குப் பிற்பகல். கூரை மட்டும் காலை முதல் மாலை வரை வெயிலில் கிடக்கிறது. மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரைமேல் ஏறத்தாழ 1000 வாட் வெப்பம் விழும். 300 சதுர அடி வீடு என்றால் 28 கிலோவாட்டுக்கு அருகில். அதாவது, 28 இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றித் தலைக்கு மேலே வரிசையாகக் கவிழ்த்து வைத்ததற்குச் சமம். மிலானிலோ பெர்லினிலோ சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வருவதில்லை. அங்கே கட்டிடத்தின் வெப்பக் கணக்கில் சுவரும் சன்னலும்தான் முதலில் வரும். நவீனக் கட்டிடக்கலையின் பாடநூல்களும் பத்திரிகைகளும் விருதுகளும் பெரும்பாலும் அந்த அட்சரேகைகளில் பிறந்தவை. எனவே இயற்கையோடு இசைந்த கட்டிடம் என்று பேச்சு வந்தால் உடனே முகப்பைத்தான் காட்டுகிறார்கள்: செடி படர்ந்த சுவர், மரம் வளர்ந்த பால்கனி, இரட்டைக் கண்ணாடி.

மிலானில் 2014இல் திறக்கப்பட்ட ஸ்டெஃபானோ போயரியின் 'செங்குத்துக் காடு' என்ற இரட்டைக் கோபுரத்தின் படத்தைப் பார்க்காதவர் குறைவு. சுமார் 800 மரங்கள் அதன் பால்கனிகளில் நிற்கின்றன. அழகான கட்டிடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மரங்களையும் மண்ணையும் தாங்குவதற்காக ஒவ்வொரு பால்கனியிலும் சேர்த்த கூடுதல் கான்கிரீட் படத்தில் தெரிவதில்லை. உலகம் முழுக்க அதன் சாயலில் வரைபடங்கள் வந்துகொண்டிருக்கின்றன. நம் பக்கத்து அடுக்குமாடி விளம்பரங்களிலும் பால்கனிக்குப் பால்கனி பச்சை வழிகிறது. கடைசி மாடிக்குக் குடிவரப்போகிறவரின் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பது எந்த விளம்பரத்திலும் இல்லை. வெப்ப நாட்டில் ஒரு கட்டிடம் இயற்கையோடு எப்படி உறவு கொண்டிருக்கிறது என்று அறிய வேண்டுமானால் நான் அதன் கூரையைத்தான் பார்ப்பேன். வெயில் எங்கே விழுகிறதோ அங்கேதான் அந்த உறவு சோதனைக்கு வருகிறது.

வெறும் கான்கிரீட் தளத்துக்குக் கீழே கோடையில் தூங்கிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பகல் இரண்டு மணியைவிட இரவு எட்டு மணிக்கு அறை அதிகமாகத் தகிக்கும். கான்கிரீட் கனமான பொருள். மேலே விழும் வெப்பத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, அடிப்பக்கம் வந்து சேர்க்கச் சில மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பகல் முழுக்கக் குடித்த வெயிலை, ஆட்கள் வேலையிலிருந்து திரும்பிப் படுக்கும் நேரமாகப் பார்த்துக் கீழே இறக்குகிறது. மின்விசிறியைக் கூட்டினால் அந்தச் சூட்டைத்தான் சுழற்றித் தரும். சாயங்காலம் மொட்டை மாடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது, ஈரச் சாக்கு விரிப்பது, படுக்கையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே போய்விடுவது எல்லாம் இதற்கு மக்கள் கண்ட வழிகள். தண்ணீர் இல்லாத ஊரிலும், மாடியில் படுக்க முடியாத நிலையிலுள்ள பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அந்த வழிகளும் அடைபட்டுவிடுகின்றன.

கையில் காசுள்ளவர்கள் குளிர்சாதனம் வாங்குகிறார்கள். இந்திய அரசு 2019இல் வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம், 2017-18ஐ ஒப்பிட நாட்டின் மொத்தக் குளிரூட்டல் தேவை 2037-38க்குள் சுமார் எட்டு மடங்காகும் என்று கணிக்கிறது. கட்டிடங்களின் பங்கை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ பதினொரு மடங்கு. அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. கூரையில் விட்ட பிழையை அனல்மின் நிலையத்தில் சரிசெய்துகொண்டிருக்கிறோம். குளிர்சாதனம் உள்ளிருந்து இழுக்கும் சூடு தெருவில் கொட்டப்படுவதால், பக்கத்து வீட்டில் அது இல்லாதவருக்கு இரவு இன்னும் கடினமாகிறது.

இதே ஊர்களில் வேறு மாதிரிக் கூரைகள் இருந்தன. ஓலையும் நாட்டு ஓடும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாதது, சென்னையின் பழைய வீடுகளிலும் அரசுக் கட்டிடங்களிலும் இன்றும் காணக்கூடிய மெட்ராஸ் டெரஸ். பெயரிலேயே ஊர் இருக்கிறது. தேக்குச் சட்டங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் கையளவுள்ள மெல்லிய செங்கற்களை மூலைவாட்டமாக, நெட்டுக்குத்தாக, சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை முட்டு இல்லாமல், முந்தைய வரிசையைப் பற்றிக்கொண்டே அடுத்த வரிசை நிற்கும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு படுகை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி அதை இறுக்குவார்கள். கடைசியில் தட்டை ஓடு. இப்படி அரை அடிக்குக் குறையாத கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து வெயிலுக்கும் அறைக்கும் நடுவே நிற்கின்றன. செங்கல் ஜல்லிக்குள் பொடிப்பொடியாகக் காற்று அடைபட்டிருப்பதால் வெப்பம் எளிதில் கடப்பதில்லை. உயரமான கூரை, மேலே சிறு காற்றுத் துளைகள் என்று மீதியை வீட்டின் அமைப்பு பார்த்துக்கொண்டது.

பழமையைப் போற்றுகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. அந்தத் தேக்கு பெரும்பாலும் பர்மாக் காடுகளிலிருந்து வந்தது. ஒரு நகரத்தின் கூரைகளுக்காக இன்னொரு நாட்டின் காடு அழிந்தது. தளத்தைத் தட்டிய பெண்களின் கூலி என்னவாக இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதோடு, அந்தக் கூரை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வேலை செய்தவர்கள் தீப்பிடிக்கும் ஓலைக் குடிசைக்குத்தான் திரும்பினார்கள்.

கான்கிரீட் தளத்தின் பெருமை அங்கேதான் தொடங்குகிறது. ஒரே இரவில் தெருவே எரிந்துபோகும் பயத்திலிருந்தும், ஒவ்வொரு புயலுக்கும் கூரையைப் பறிகொடுக்கும் வாழ்க்கையிலிருந்தும் ஏழை எளியவர்களை மீட்டது அதுதான். தமிழ்நாட்டில் 'தளம் போட்ட வீடு' என்பது ஒரு குடும்பம் தலைநிமிர்ந்ததற்கு அடையாளம். பொருளாதாரம், சாதி, மானம் மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. 'மண் வீட்டுக்கும் ஓட்டுக்கும் திரும்புங்கள்' என்று நகரத்துக் குளிரறையிலிருந்து யாராவது சொன்னால், கிராமத்தில் அதைக் கேட்பவர் கோபப்படுவது நியாயம். நிலைத்தன்மை பற்றிய எந்தப் பேச்சும் இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

ஆனாலும் சிமெண்டின் கணக்கு கனமானது. உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமெண்ட் செய்கிறது. சீனாவுக்கு அடுத்து இந்தியாதான். மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. சூளையை 1450 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக எரிக்கும் எரிபொருள் அதில் ஒரு பகுதிதான். பாதிக்கு மேல், சுண்ணாம்புக்கல்லே உடைந்து தன்னுள் இருந்த வாயுவை வெளிவிடுவதால் வருவது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்தப் பகுதி குறையாது. ஆகவே குறைக்கச் சுருக்கமான வழி, குறைவாகப் பயன்படுத்துவதுதான். ஒரு தளத்தில் தேவையில்லாத கான்கிரீட் எங்கே இருக்கிறது என்று தேடினால் விடை கிடைக்கும். அந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்டவர் கட்டிடக்கலைஞர் லாரி பேக்கர்.

1917இல் பர்மிங்காமில் பிறந்த ஆங்கிலேயர். போர்க்காலத்தில் குவேக்கர் மருத்துவக் குழுவோடு சீனா சென்றவர், திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீடு கட்டும் பொருள்கள் அந்த இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தைத் தன் வாழ்நாள் வழிகாட்டியாகப் பேக்கர் பலமுறை குறிப்பிட்டிருக்கிறார். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து, 1960களில் கேரளம் வந்து, திருவனந்தபுரத்தில் நிலைத்தார். 2007இல் அங்கேயே காலமானார். முதலமைச்சர் அச்சுத மேனனும் பொருளியலாளர் கே. என். ராஜும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டும் பொறுப்பை 1970களின் தொடக்கத்தில் அவரிடம் கொடுத்தார்கள். அங்கிருந்த மரமும் சரிவும் பார்த்து, பூசாத செங்கல்லில் அவர் எழுப்பிய அந்த வளாகத்துக்கு இன்றும் கட்டிடக்கலை மாணவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் சுருள் சுருளாக ஏறும் இந்தியன் காபி ஹவுஸும் அவருடையதே. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்திவைத்து, சுவருக்குள் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறி' கட்டு முறையால் நாலில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தினார். அந்த வெற்றிடக் காற்றே வெப்பத்தையும் தடுத்தது.

கூரையில் அவர் செய்தது இதைவிட நுட்பமானது என்பது என் எண்ணம். ஒரு தளம் இரண்டு சுவர்களுக்கிடையே சுமையோடு வளையும்போது மேல்பகுதி அமுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதற்காகத்தான் கீழே கம்பி போடுகிறோம். அப்படியானால் கம்பிகளுக்கு இடைப்பட்ட கீழ்ப்பகுதிக் கான்கிரீட் என்ன வேலை செய்கிறது? பெரும்பாலும் இடத்தை அடைப்பதைத் தவிர ஒன்றுமில்லை. அந்த இடத்தில் விலை குறைந்த, எடை குறைந்த வேறொன்றை வைத்தால் போதும். பேக்கர் மங்களூர் ஓட்டை வைத்தார். கேரளத்தில் பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது மலைபோல் குவிந்துகிடந்த பொருள் அது.

வேலை நடக்கும் இடத்தில் பார்த்தால் முறை எளிது. சென்ட்ரிங் பலகை அடித்ததும் ஓடுகளைச் சதுரம் சதுரமாக அடுக்குகிறார்கள். ஒரு சதுரத்தில் இரண்டு ஓடு, ஒன்றின்மேல் ஒன்று. நடுவே காற்று அடைபடும். உலர்ந்த ஓடு கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதால் முன்னதாகவே ஊறவைக்க வேண்டும். இதை மறந்தால் தளம் கெடும். ஓட்டு வரிசைகளுக்கு இடையே விட்ட சந்தில் கம்பி ஓடுகிறது, நெடுக்கும் குறுக்குமாக. சுவரையும் உத்தரத்தையும் ஒட்டிய விளிம்பில் ஓடு வைப்பதில்லை. அங்கே கான்கிரீட் முழுதாக வேண்டும். வெளியே நீளும் பால்கனித் தளத்தில் இழுப்பு மேல்பக்கமாக மாறிவிடுவதால் அங்கும் இந்த முறை ஆகாது. இவ்வளவையும் ஒரு நல்ல மேஸ்திரி ஒருமுறை பார்த்தால் பிடித்துக்கொள்வார். பலகையைக் கழற்றும்போது உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் சாம்பல் கட்டங்களுக்குள் செம்மண் நிற ஓடுகள் தெரியும். பூச்சு கூட வேண்டாம். கான்கிரீட் கால் பங்கு அளவுக்குக் குறையும் என்பது இதைக் கட்டுவோரின் பொதுவான கணக்கு. எடை குறைவதால் கம்பியிலும் கொஞ்சம் மிச்சம். ஓட்டுக்குள் அடைபட்ட காற்றால் கீழே சூடும் ஓரளவு தணியும். முழுக்கத் தணியாது. கட்டங்களின் வழியே வெப்பம் இறங்கத்தான் செய்யும். மேலே வெள்ளைப் பூச்சோ நிழலோ சேர்ந்தால்தான் பலன் கூடும்.

இந்த முறையை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், இது கான்கிரீட்டை எதிர்க்கவில்லை என்பதே. தளம் போட்ட வீட்டின் மானமும் பாதுகாப்பும் அப்படியே இருக்கின்றன. வேலை செய்யாத பகுதி மட்டும் வெளியேறுகிறது. பேக்கரின் வழியை முன்னெடுக்க 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பும், அதே காலத்தில் கொல்லத்தில் தொடங்கிய நிர்மிதி கேந்திரமும் கேரளத்தில் இதைப் பல கொத்தனார்களின் கைக்குக் கொண்டுசேர்த்தன.

இலங்கையில் கட்டிடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வேறொரு கோணத்தில் கூரையை அணுகினார். மழை கொட்டும் தீவில் அரைவட்ட நாட்டு ஓடு ஒழுகும். ஒழுகாமலிருக்கச் சரிவைக் கூட்ட வேண்டும், மரம் அதிகம் வேண்டும். பாவாவின் அலுவலகம் நெளிவுள்ள சிமெண்ட் தகட்டை முதலில் பரப்பி, அந்த நெளிவுகளின் மேல் ஓடுகளை அடுக்கியது. தகடு மழையைத் தடுக்க, ஓடு வெயிலைத் தடுக்க, சரிவு தாழ்ந்து வீடு அகலமாகப் படுத்தது. அன்றைய தகடுகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை, அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் இன்று அதை அப்படியே பின்பற்ற முடியாது. வேறு தகட்டோடு அந்த முறை பொருந்தும். மதுரையிலும் 1960களிலும் 70களிலும் பாவா கட்டியவை உண்டு. அவருடைய புகழ்பெற்ற கந்தளமை ஓட்டல், தம்புள்ளைக்கு அருகே, 1994இல் திறக்கப்பட்டது. சிகிரியாவை ஒட்டிய இடத்தில் கட்ட வேண்டாமென்று மறுத்து, தூரத்தில் ஏரியைப் பார்த்த பாறைச்சரிவை அவரே காட்டினார். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் கட்டிடம், தட்டைக் கூரைமேல் மண்ணும் செடியுமாக இன்று காட்டோடு கலந்து கிடக்கிறது. செடி வளர்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அங்கே செடி நிழலாக நிற்க வேண்டிய இடத்தில், கூரையிலேயே நிற்கிறது.

கூரைக்கு மேல் இன்னொரு கூரை என்ற எண்ணத்தைச் சண்டிகரில் கட்டிடக்கலைஞர் லெ கொர்பூசியே 1950களில் உயர்நீதிமன்றத்துக்காகப் பிரம்மாண்டமாகச் செய்தார். கீழ்க்கூரையைத் தொடாமல் மேலே குடைபோல் ஒரு கான்கிரீட் கூரை. இரண்டுக்கும் நடுவே காற்று வீசும். எண்ணம் சரி, ஆனால் நிழல் தருவதற்கு அத்தனை கான்கிரீட்டா என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் அரை நூற்றாண்டு கழித்து புர்கினா ஃபாசோ நாட்டின் காண்டோ என்ற கிராமத்திலிருந்து வந்தது.

பிரான்சிஸ் கேரே 1965இல் அங்கே பிறந்தவர். ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதில் வீட்டைவிட்டு வேறு ஊருக்குப் படிக்கப் போனவர். நெருக்கியடித்த, இருட்டும் புழுக்கமுமான வகுப்பறையில் உட்கார்ந்த நினைவே தன்னைக் கட்டிடக்கலைக்குக் கொண்டுவந்ததாகச் சொல்பவர். தச்சுப் பயிற்சிக்கான உதவித்தொகையில் ஜெர்மனி சென்று, பிறகு பெர்லினில் கட்டிடக்கலை படித்தார். படிப்பு முடிவதற்கு முன்பே, சொந்த ஊருக்கு ஒரு தொடக்கப்பள்ளி கட்ட நண்பர்களிடம் பணம் திரட்டினார். 2001இல் பள்ளி எழுந்தது. 2004இல் ஆகா கான் விருது. 2022இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்.

அந்தப் பள்ளியில் எதுவும் புதுமையான பொருள் இல்லை. சிறிது சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கட்டிச் சுவர். மேலே இடைவெளி விட்டு அடுக்கிய மண்கட்டிகளாலான உட்கூரை. அதற்கும் மேலே, நன்றாக உயர்த்தி, சுவரைத் தாண்டி நாலாபுறமும் நீளும் தகரக் கூரை. ஊரில் எல்லோரும் போடும் அதே தகரம்தான். நேராகச் சுவர்மேல் போட்டால் அது உலை. தூக்கி நிறுத்தி நடுவே காற்றை ஓடவிட்டால் குடை. தகரம் சூடாகி அடியிலுள்ள காற்று எழும்ப எழும்ப, உட்கூரையின் சந்துகள் வழியாக வகுப்பறையின் வெப்பக் காற்றும் மேலே இழுக்கப்படுகிறது. சன்னல் வழியே வெளிக்காற்று உள்ளே வருகிறது. வெயிலே விசிறியை ஓட்டுகிறது என்று சொல்லலாம். அப்போது அது மின்சாரம் இல்லாத ஊர். தகரத்தைத் தாங்கும் சட்டகத்தைச் சாதாரணக் கட்டுமானக் கம்பியை வளைத்து, சிறிய வெல்டிங் கருவியால் ஒட்டி ஊர் இளைஞர்களே செய்தார்கள். பெரிய உத்தரங்களைத் தூக்க அங்கே கிரேன் இல்லை என்பதால் அப்படி வடிவமைத்தார். மண் சுவர் மழையில் கரைந்துவிடும் என்று முதலில் அஞ்சியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். நீண்ட கூரை விளிம்பு சுவரில் மழை அடிக்காமல் பார்த்துக்கொள்கிறது என்று கண்ட பிறகு நம்பினார்கள். பின்னால் கட்டிய நூலகத்தின் கூரையில், ஊர்ப் பெண்கள் வனைந்த மண்பானைகளை அறுத்துப் பதித்துக் காற்றும் வெளிச்சமும் வர வழி செய்தார். நம்மூர்க் குயவர் தெருவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூரை நினைவுக்கு வருகிறது.

கேரேயின் இரட்டைக் கூரையை நம் மக்கள் யாரும் சொல்லாமலேயே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தச் சிற்றூரின் உயர்ந்த இடத்தில் நின்று பார்த்தாலும், மொட்டை மாடிகளுக்கு மேல் இரும்புக் குழாய் நிறுத்தி ஷீட் போட்டிருப்பது தெரியும். முன்பு கீற்றுக் கொட்டகை போட்டார்கள். துணி காயவைக்க, வீட்டு விசேஷத்துக்குப் பந்தி போட என்று காரணம் சொன்னாலும், கீழ்த்தளம் குளிர்கிறது என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். கட்டிட விதிகளில் இது பல இடங்களில் அனுமதியில்லாத கூடுதல் தளமாகப் பார்க்கப்படுகிறது. காற்றில் பறக்காதபடி நன்றாகக் கட்டிய நிழற்கூரையை வீட்டின் ஓர் உறுப்பாக ஏற்று வழிமுறை வகுத்தால், கட்டி முடித்துவிட்ட லட்சக்கணக்கான தளங்களுக்கு அதைவிட எளிய மருந்து இல்லை.

தமிழ்நாட்டிலேயே புதிய கூரைகளைத் தேடியவர்கள் ஆரோவில்லைச் சுற்றி இருக்கிறார்கள். 1989இல் தொடங்கிய மண் கட்டுமான நிறுவனம் அழுத்திய மண்கட்டியில் கம்பியில்லாத வளைவுக் கூரைகளைக் கட்டக் கற்றுக்கொடுக்கிறது. கட்டிடக்கலைஞர் அனுபமா குண்டூ 2000இல் முடித்த 'வால் ஹவுஸ்' எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுற்றுவட்டாரச் சூளைகளில் கையால் செய்த மெல்லிய செங்கற்களையும் சுண்ணாம்புச் சாந்தையும் சுவருக்கு எடுத்துக்கொண்டார். மெட்ராஸ் டெரஸ் காலத்து இணை அது. கூரைக்கு, ஒன்றுக்குள் ஒன்று செருகும் உள்ளீடற்ற சுட்டமண் குழல்களை வளைவாக அடுக்கினார். 2012 வெனிஸ் கட்டிடக்கலைக் கண்காட்சியில் இந்த வீட்டின் முழு அளவு மாதிரி எழுப்பப்பட்டது. ஆனால் கடற்கரையிலிருந்து சில மைல் உள்ளே உள்ள கிராமத்து அரசு வீட்டுக்கு இவற்றில் எதுவும் போய்ச் சேரவில்லை. விருதுபெற்ற வீடுகளும் லட்சக்கணக்கில் எழும் வீடுகளும் ஒரே மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒன்றையொன்று பாராமல் இருக்கின்றன.

இங்கேதான் என் கவலை முழுவதும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2011இல் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 வீடு, ஒவ்வொன்றும் 300 சதுர அடி, சூரிய விளக்குகள், மழைநீர்ச் சேகரிப்பு. நல்ல நோக்கம்; விளக்குகளும் பயன்பட்டன. ஆனால் பசுமை என்பது கூரைமேல் வைத்த தகட்டோடு நின்றது. கூரை வெறும் கான்கிரீட்டாகவே இருந்தது. 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. 2030க்குள் குடிசையில்லாத தமிழ்நாடு, எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு. வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். நிலைத்தன்மை பற்றிய மாநாடுகளில் பேசப்படும் கட்டிடங்களைக் கூட்டிப் பார்த்தாலும் இந்த எட்டு லட்சம் கூரைகளின் பரப்புக்கு ஈடாகாது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாலு அங்குலக் கனம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஒரு வீட்டுத் தளத்துக்கு 2.8 கன மீட்டர் கான்கிரீட், ஏறத்தாழ 18 மூட்டை சிமெண்ட். ஓடு பதித்த தளத்தில் கால் பங்கு குறைந்தால் வீட்டுக்கு நாலரை மூட்டை. எட்டு லட்சம் வீட்டுக்கு 36 லட்சம் மூட்டை, அதாவது 1,80,000 டன். ஒரு டன் சிமெண்டுக்கு அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு என்று வைத்தால், வெறும் அடுக்கு முறையை மாற்றுவதால் ஒரு லட்சம் டன் அளவுக்கு வாயு மிச்சமாகிறது. இதைவிடப் பெரிது, அந்த வீட்டில் அடுத்த நாற்பது ஆண்டு தூங்கப்போகிறவர்களின் இரவுகள். அவற்றுக்கு எண் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

விதி இல்லாமலும் இல்லை. 2018இல் மத்திய எரிசக்தித் திறன் செயலகம் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' குடியிருப்புகளின் கூரை வழியே எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்பதற்கு வரம்பு வைக்கிறது: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல் மூன்று மடங்கு வெப்பத்தை இறக்கும். ஆனால் அந்த 2018 விதி வகுக்கப்பட்டது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கு. 360 சதுர அடி வீட்டில் இருப்பவருக்கு அது பொருந்தாது. குளிர்சாதனம் வாங்க வசதியுள்ளவரின் கூரைக்கு விதியின் பாதுகாப்பு, வசதியில்லாதவரின் கூரைக்கு இல்லை. இந்த ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது.

வெள்ளைப் பூச்சைப் பற்றி இப்போது நல்ல பேச்சு நடக்கிறது. அகமதாபாத் 2017இல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கியது. தெலங்கானா 2023இல் குளிர்க்கூரைக் கொள்கையை வெளியிட்டது. செலவு குறைவு, பலன் உடனே தெரியும். புழுதி படிந்தால் வெண்மை மங்கும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. முதல் ஆண்டு அரசு அடித்துக்கொடுத்து, மூன்றாம் ஆண்டு யாரும் எட்டிப்பார்க்காவிட்டால் பயன் இல்லை. எனவே பூச்சும் வேண்டும், பூச்சை மட்டும் நம்பாத தளமும் வேண்டும்.

பொறியாளர்களிடம் பேசினால் மூன்று தடைகளைச் சொல்கிறார்கள். ஓடு அடுக்க நேரமாகும். தெரிந்த கொத்தனார் இல்லை. மதிப்பீட்டுப் படிவத்தில் அந்த வேலைக்கு வரியே இல்லை. முதலிரண்டும் உண்மை, ஆனால் பயிற்சியால் தீரும். ஊரக வேலைத் திட்டத்திலும் மகளிர் குழுக்களிலும் இருப்பவர்களுக்கு ஓடு ஊறவைத்து அடுக்கும் வேலை கடினமே அல்ல, அதன் கூலியும் ஊருக்குள் தங்கும். மூன்றாவதுதான் முடிச்சு. பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் ஒரு வேலைக்கு விலை இல்லையென்றால் ஒன்றியப் பொறியாளர் எவ்வளவு விரும்பினாலும் அதற்குப் பணம் ஒதுக்க முடியாது, தணிக்கையில் மாட்டுவார். ஓடு பதித்த தளத்துக்கும் நிழற்கூரைக்கும் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று இரண்டு வரி சேர வேண்டும். அதற்குத் தேவையான சோதனைகளை மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளிலேயே செய்யலாம். ஒரே ஊராட்சியில், ஒரே திசை பார்த்து எழும் வீடுகளில் சிலவற்றுக்கு வழக்கமான தளம், சிலவற்றுக்கு ஓடு பதித்த தளம், சிலவற்றுக்கு வெள்ளைப் பூச்சோடு சேர்ந்த ஓட்டுத் தளம் போட்டு, உட்கூரையில் சில நூறு ரூபாய் வெப்பமானிகளைப் பொருத்தி, மார்ச் முதல் ஜூன் வரை இரவும் பகலும் பதிவு செய்தால் போதும். வீடுகள் எப்படியும் எழுந்துகொண்டுதான் இருக்கின்றன. அடுத்த ஒதுக்கீட்டுக்கான மதிப்பீடுகள் தயாராவதற்கு முன் அந்த எண்கள் கையில் இருக்க வேண்டும்.